விறகடுப்பை விட நினைக்கும் டிபன் கடைக்காரர்களுக்கு

தமிழ்நாட்டில் வீட்டு அடுப்பு மாறிவிட்டது. 2007-இல் மாநில அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இன்று கிராமத்து வீடுகளிலும் சிலிண்டர் சாதாரணம். ஆனால் அதே ஊரில் பஸ் ஸ்டாண்டு ஓரத்து இட்லிக் கடையிலும், மெஸ்ஸிலும், முறுக்குப் பட்டறையிலும் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் கேஸ் அடுப்பில் காபி போட்டுக் குடித்துவிட்டு வருகிற அக்கா, கடையில் நாள் முழுக்கப் புகைக்குள் நிற்கிறார். மானியமும் திட்டமும் வீட்டு வாசலோடு நின்றுபோயின. கடை அடுப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

வீட்டுச் சமையல் புகையால் மட்டும் 2020-இல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டில் இரண்டு மணி நேரம் எரியும் அடுப்பே இவ்வளவு செய்கிறது என்றால், எட்டு மணி நேரம் எரியும் கடை அடுப்புக்கு முன்னால் நிற்பவரின் நெஞ்சு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு பேர் வேலைக்கு இருக்கும் சின்னக் கடைகள், வீட்டோடு பலகாரம் போடுகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், மகளிர் குழுக்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை முழுவதையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். ஒரு வேலையை, ஒரு பாத்திரத்தை மட்டும் மாற்றுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது. ஒரேயடியாகக் கடன் வாங்கி எல்லாவற்றையும் மாற்றியவர்கள், முதல் சிக்கல் வந்ததுமே பழைய அடுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் எடை போடுங்கள்

புது அடுப்பு வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு தொங்கு தராசு வாங்குங்கள், அல்லது பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் இரவல் கேளுங்கள். மூன்று நாள் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சந்தை நாள் அல்லது முகூர்த்த நாள். அன்று எரிக்கப் போகும் விறகைக் காலையிலேயே நிறுத்துத் தனியாக வையுங்கள். இரவு மிச்சத்தை நிறுத்தால் எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே கேஸ் வைத்திருப்பவர்கள் சிலிண்டரையே காலையிலும் இரவிலும் நிறுத்துப் பார்க்கலாம்.

எடையோடு நேரத்தையும் எழுதுங்கள். அடுப்பு எத்தனை மணிக்கு மூட்டப்பட்டது, எப்போது முதல் ஈடு இட்லி வெந்தது, எத்தனை மணி வரை தீ இருந்தது, அதில் எவ்வளவு நேரம் மேலே பாத்திரம் இல்லாமல் சும்மா எரிந்தது. கடைசியில் சொன்னதைத் தவறாமல் எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு இட்லிக் கடையில் இதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழை. வெளியே அடுக்கியிருந்த சீமைக் கருவேல விறகு ஊறிப்போய்க் கிடந்தது. நாலரை மணிக்கு அந்த அக்கா கொட்டாங்குச்சியைப் பற்றவைத்து, ஊதுகுழலால் ஊதி, கண்ணை முந்தானையால் துடைத்து, மறுபடி ஊதி, தண்ணீர் கொதிக்கவே ஐந்தரை ஆகிவிட்டது. ஆறிலிருந்து எட்டரை வரை நல்ல கூட்டம், அடுப்புக்கும் சரியான வேலை. அதன்பிறகு பதினொரு மணி வரை ஒருவர் இருவராகத்தான் வந்தார்கள். ஆனால் தீயை அணைக்க முடியாது. அணைத்தால் மறுபடி மூட்ட அரைமணி. அதனால் கட்டைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எட்டரைக்கு மேல் எரிந்ததில் பெரும்பகுதி எந்த இட்லியையும் வேகவைக்கவில்லை.

அடுத்து, ஒரு சிலிண்டர் கணக்கு

விறகு கிலோ இவ்வளவு, சிலிண்டர் இவ்வளவு, கரண்ட் யூனிட் இவ்வளவு என்று விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எப்போதும் விறகுதான் ஜெயிக்கும். பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூட்டை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லாச் சூட்டையும் கரண்ட் யூனிட்டிலேயே சொல்லலாம், சுலபமாக இருக்கும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. திறந்த அடுப்பில் அதில் 15 சதவீதம் பாத்திரத்துக்குப் போனாலே பெரிது, ஆக 0.6 யூனிட். ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 12.8 யூனிட். கடைகளில் பயன்படும் பெரிய பர்னரில் பாதி போய்ச் சேருகிறது என்று வைத்தால் 6.4 யூனிட். இண்டக்‌ஷனில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.85 யூனிட் பாத்திரத்துக்குள் போகும்.

இப்போது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாத்திரத்துக்குத் தரும் சூடு சுமார் 120 யூனிட். அதே சூட்டுக்கு விறகு என்றால் 200 கிலோ, இண்டக்‌ஷன் என்றால் 143 யூனிட். உதாரணத்துக்கு விறகு கிலோ 8 ரூபாய், சிலிண்டர் 1,900 ரூபாய், கரண்ட் யூனிட் 10 ரூபாய் என்று போட்டுப் பார்ப்போம். விறகுக்கு 1,600, கேஸுக்கு 1,900, கரண்டுக்கு 1,430. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இந்த உதாரணத்தில் கேஸை விட விறகு 300 ரூபாய் மலிவு. சரி, எத்தனை நாளுக்கு? ஒரு நாளைக்கு 40 கிலோ எரிக்கும் கடைக்கு 200 கிலோ ஐந்து நாள் வரும். அப்படியானால் நாளைக்கு 60 ரூபாய்தான் வித்தியாசம். அந்த 60 ரூபாய்க்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கிறோம், கரிப்பிடித்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஒரு ஆளை வைத்திருக்கிறோம், மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடுகிறோம். இந்தக் கணக்கில் சும்மா எரிந்த விறகு இன்னும் வரவே இல்லை. கேஸை அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை அணைத்து வைக்கலாம். பெரும்பாலான கடைகளில் அந்த ஒரு காரணத்தாலேயே 60 ரூபாய் வித்தியாசம் காணாமல் போகிறது.

சொந்தத் தோப்பில் மட்டையும் சிரட்டையும் இலவசமாகக் கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, உண்மைதான். அவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்த அடுப்பை முதலில் மாற்றுவது

அதிக நேரம் எரிவதும், சுலபமாக மாறக்கூடியதும் எதுவோ அதை முதலில் மாற்றுங்கள். டிபன் கடையில் அது அநேகமாக இட்லிக் கொப்பரையும் வெந்நீரும்தான். ஆவியில் வேகும் பண்டத்துக்கு எந்தத் தீ என்பது தெரியாது. கேஸில் வெந்த இட்லிக்கும் விறகில் வெந்த இட்லிக்கும் ருசியில் வித்தியாசம் வராது. மாவு, ஊறல், புளிப்பு இவைதான் இட்லியைத் தீர்மானிக்கின்றன. சாம்பார், சோறு, பருப்பு, பால் காய்ச்சுவது எல்லாம் இதே ரகம். மூடிய பாத்திரத்துக்குள் புகை போவதில்லை.

டீக்கடை என்றால் கரி போடும் பாய்லர். கரி புகை குறைவாக விடும் என்பதால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கரி பாய்லரை எரிப்பது உயிரோடு விளையாடுவது.

தோசைக்கல்லையும் பரோட்டாக் கல்லையும் இரண்டாவது சுற்றுக்கு வையுங்கள். அவற்றில் கைப்பழக்கம் அதிகம், மாஸ்டரின் ஒத்துழைப்பு வேண்டும். பிரியாணி, பால்கோவா, அதிரசப் பாகு மாதிரியானவற்றைக் கடைசிக்கு விடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விறகடுப்பில் கிண்டுவதே பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெயருக்காக வாடிக்கையாளர் வருகிற இடத்தில் அவசரப்படக் கூடாது.

எதையும் மாற்றுவதற்கு முன், இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மூடி போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் எரிபொருளைப்போல ஏழெட்டு மடங்கு, அதே ஒரு லிட்டரை ஆவியாக்கி வெளியே விட ஆகிறது. இட்லிக் கொப்பரையின் மூடிச் சந்தில் ஆவி பீச்சியடித்தால், அடுப்பு மும்முரமாக வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் காசுதான் ஆவியாகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி ஓரத்தில் மெல்லிய ஆவி மட்டும் வருமாறு வைத்தாலும் இட்லி அதே நேரத்தில் வேகும். ஏனென்றால் எவ்வளவு ஆவேசமாகக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரிதான். விறகில் இந்தக் கட்டுப்பாடு கஷ்டம். கேஸிலும் கரண்டிலும் திருகைத் திருப்பினால் போதும்.

கேஸ் வைப்பவர்களுக்கு

14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். மலிவாக இருக்கிறதே என்று பல பேர் செய்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது குற்றம். சோதனைக்கு வந்தால் சிலிண்டரும் போகும், வழக்கும் வரும். விபத்து என்று ஒன்று நடந்தால் இழப்பீடு கேட்டு வாயைத் திறக்க முடியாது.

கடைக்கு 19 கிலோ சிலிண்டர். ஏஜென்சியில் அடையாளச் சான்று, கடை முகவரிக்கான ஆதாரம் கேட்பார்கள். டெபாசிட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், இணைப்பை ஒப்படைக்கும்போது அந்தப் பணம் திரும்பி வரும். தள்ளுவண்டிக்காரர்களுக்கும் நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் ஏஜென்சிகளிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கிலோ கணக்கில் விலை கூடுதல்தான், ஆனால் சட்டப்படி சரியானது.

கமர்ஷியல் சிலிண்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாதாமாதம் முதல் தேதி விலை மாறும். நாட்டின் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி, சவூதி விலையை ஒட்டியே இங்கே ஏறி இறங்கும். ஆகவே இட்லி விலையை நிர்ணயிக்கும்போது இன்றைய சிலிண்டர் விலையை வைத்துக் கணக்குப் போடாமல், கடந்த ஓராண்டின் உச்ச விலையை வைத்துப் போடுங்கள்.

சிலிண்டர் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். சீல் இருக்கிறதா, எடை சரியா, காலாவதி என்ன. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், அதோடு 19 கிலோ சேர்த்து வர வேண்டும். கைப்பிடிக்குக் கீழே உள்ள தகட்டில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். இலக்கம் ஆண்டு. அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. தோசைக்கல் மேடைக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது என்று அங்கேயே தள்ளிவிடுகிறார்கள். கல் சூடு, எண்ணெய்ச் சிதறல், கரண்டி விழுவது எல்லாம் அங்கேதான். எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படுத்துப் பரவும். அதனால் சிலிண்டரை வெளிப்புறச் சுவரை ஒட்டி, நிழலில், கம்பி வலைக் கதவுக்குள், நேராக நிற்கவைத்து, உலோகக் குழாய் மூலம் உள்ளே கொண்டுவருவது நல்லது. சுவரில் தரை மட்டத்துக்கு அருகே ஒரு காற்றுத் துவாரம் அவசியம். சிலிண்டர் இருக்கும் பக்கம் சாக்கடை வாய் திறந்திருக்கக் கூடாது. பள்ளமான அறையிலோ அண்டர்கிரவுண்டிலோ சிலிண்டர் வைக்கவே கூடாது. உரிமம் இல்லாமல் 100 கிலோ எல்பிஜி வரைதான் சேமிக்கலாம், அதாவது 19 கிலோவில் ஐந்து.

இனி, கேஸுக்குப் புதியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல். பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் மாட்டி முழுவீச்சில் எரித்தால், ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் வெளியே வேர்த்து, அடியில் பனி பிடிக்கும். தீ சுருங்கிவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள், தூக்கிப் பார்த்தால் கனக்கும். நடப்பது இதுதான்: உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாக மாறச் சூடு வேண்டும். சுற்றியுள்ள காற்றிலிருந்து கிடைக்கும் சூட்டை விட வேகமாக நாம் கேஸை உறிஞ்சினால் திரவம் குளிர்ந்துபோய் ஆவி வருவது குறைந்துவிடும். இந்த நேரத்தில்தான் சிலிண்டரைப் படுக்கப் போடுவது, தலைகீழாகக் கவிழ்ப்பது, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது எல்லாம் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கவிழ்த்தால் திரவமே டியூபுக்குள் வந்து பர்னரில் பெருந்தீயாக வெடிக்கும். இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைக்கச் சொல்லுங்கள், ஏஜென்சி மெக்கானிக்கே செய்து தருவார். பாதிப் பாதியாக இரண்டிலிருந்தும் எடுக்கும்போது பனி பிடிக்காது, அடியில் தங்கும் கேஸும் மிச்சமில்லாமல் வரும்.

பர்னர் வாங்கும்போது பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நக்கினால் அவ்வளவும் வீண். பாத்திரங்களின் அடி அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். தோசைக்கல்லுக்கும் பரோட்டாக் கல்லுக்கும் வட்ட பர்னர் சரிப்படாது. நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. நீளவாக்கில் துளைகள் உள்ள குழாய் பர்னர் கேளுங்கள், இரண்டு மூன்று குழாய்க்கும் தனித்தனித் திருகு இருக்கட்டும். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் எரிக்கலாம்.

கசிவை எப்போதும் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள், தீக்குச்சியால் வேண்டாம். வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 1906-க்கு அழையுங்கள். நாள் முழுவதும் எந்த நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணைப் பெயின்டால் சுவரில் எழுதிவையுங்கள், ஊழியர்களில் எல்லோரிடமும் போன் இருந்தாலும் அந்த நேரத்தில் தேட முடியாது.

கரண்டுக்கு மாறுகிறவர்களுக்கு

கணக்குப்படி கரண்ட் பல கடைகளுக்கு மலிவாகவே வருகிறது. சமையலறைச் சூடும் குறைகிறது. சித்திரை வைகாசியில் உள்ளே நிற்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களிடமே கேளுங்கள். ஆனால் கடையின் வயரிங்கைப் பார்க்காமல் அடுப்பு வாங்கக் கூடாது.

வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட்டுக்குள் இருக்கும், நாலு பேருக்குச் சமைக்கத்தான் ஆகும். அதை வாங்கி நாளெல்லாம் ஓடவிட்டு, ஆறு மாதத்தில் எரிந்துபோய், கரண்ட் அடுப்பே உருப்படாது என்று சொல்பவர்கள் நிறைய. கடைக்கு எஃகுப் பெட்டியில் வரும் கமர்ஷியல் வகை வேண்டும், 3.5 கிலோவாட்டிலிருந்து தொடங்கும். 3.5 கிலோவாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய பிளக் பாயின்டில் சொருகினால் பிளக் உருகும். மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர் தாமிரம், தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் பெரும்பாலும் த்ரீ பேஸ் கேட்கும். மின்வாரிய அலுவலகத்தில் கடையின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் கூட்டித்தரக் கேளுங்கள். லோடு கூடினால் நிலைக்கட்டணமும் கூடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கடைக்கு இல்லை. வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு வயர் இழுப்பதும் கூடாது, பிடிபட்டால் கட்டும் அபராதம் ஒரு வருட மிச்சத்தையும் விழுங்கிவிடும். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உயிர் போகும்.

பாத்திரம் இன்னொரு செலவு. நம் கடைகளில் பாதிக்கு மேல் அலுமினிய அண்டா, தேக்சா. இண்டக்‌ஷனில் அவை சூடாகாது. பித்தளையும் தாமிரமும் அப்படியே. ஒரு காந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள், அடியில் கெட்டியாக ஒட்டினால் வாங்கலாம். அடி தட்டையாக இருக்க வேண்டும். குழிவான வாணலிக்குக் குழிவான இண்டக்‌ஷன் தனியாகக் கிடைக்கிறது, விலை அதிகம். பழைய அலுமினியத்தை விட மனமில்லை என்றால், தண்ணீர் கொப்பரைக்குள்ளேயே ஹீட்டர் பொருத்திய மின் இட்லிப் பெட்டியைப் பாருங்கள். அதில் பாத்திரப் பிரச்சினையே இல்லை. உப்புத் தண்ணீர் ஊர் என்றால் ஹீட்டரில் படியும் சுண்ணாம்பை வாரம் ஒருமுறை வினிகர் அல்லது எலுமிச்சை ஊற்றிக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வீணாகிக் கடைசியில் ஹீட்டரும் போகும்.

தோசைக்கு வட்ட இண்டக்‌ஷன் மேல் பெரிய கல்லைத் தூக்கி வைக்காதீர்கள். சுருள் இருக்கும் அகலத்துக்குத்தான் சூடு வரும்.

அப்புறம், மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மதியம் தாண்டித்தான் வரும். முதல் நாளே செய்தித்தாளில் போடுகிறார்கள் என்றாலும் மதியச் சோற்றை அதற்காகத் தள்ளிப்போட முடியாது. என் யோசனை இதுதான்: விடிகாலை வேலை, அதாவது வெந்நீர், இட்லி, பால் ஆகியவை கரண்டில். மதியச் சோறும் குழம்பும் கேஸில். இரண்டில் எது தடைப்பட்டாலும் கடை நடக்கும். ஒரே எரிபொருளை நம்பி இருப்பது சின்னக் கடைக்கு ஆகாது.

மிச்சச் சோற்றிலிருந்து கேஸ்

மெஸ், விடுதி, கல்யாண மண்டபச் சமையல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. உணவுக் கழிவு 10 கிலோ போட்டால் சுமார் ஒரு கனமீட்டர் பயோகேஸ் வரும், அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எல்பிஜிக்குச் சமம். நாளைக்கு 50 கிலோ கழிவு வரும் இடத்தில் சுமார் 2 கிலோ எல்பிஜி மிச்சம். 5 கிலோ கழிவுக்குப் பிளான்ட் போட்டால் பராமரிக்கும் ஆசை ஒரு மாதத்தில் போய்விடும். எலும்பு, முட்டை ஓடு போடக் கூடாது, அவை மக்காமல் அடியில் தங்கிவிடும். எலுமிச்சைத் தோலும் அதிகம் வேண்டாம், புளித்துப்போய் கேஸ் நின்றுவிடும். சூரிய அடுப்பு சின்னக் கடைக்குச் சரிவராது. ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கிண்ணத்தைக் கூரையில் வைத்து ஆயிரம் பேருக்கு நீராவியில் சமைக்க ஏற்பாடு செய்தார்கள், அந்த அளவுக்குத்தான் அது பொருந்தும்.

விறகை விட முடியாத இடத்தில்

இலவச விறகு உள்ளவர்களும் விறகுப் பிரியாணி என்று போர்டு வைத்திருப்பவர்களும் அடுப்பையாவது மாற்றுங்கள். மூன்று கல் அடுப்பு, பக்கம் திறந்த அடுப்பு இரண்டிலும் சூட்டில் பெரும்பகுதி வெளியே போகிறது. பாத்திரம் உள்ளே இறங்கி உட்காரும் மூடிய அடுப்பு, கீழே சல்லடைத் தட்டு, பின்னால் கூரையைத் தாண்டிப் போகும் புகைக்கூண்டு இவை மூன்றும் இருந்தால் விறகு கணிசமாகக் குறையும். அதைவிட, புகை உள்ளே நிற்காது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களிலேயே அஸ்த்ரா அடுப்பு என்று இதற்கு நல்ல வடிவம் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஊரின் டைட் என்ற தொண்டு அமைப்பு சிறு தொழில்களுக்கான விறகடுப்புகளுக்காக 2008-இல், தூய எரிசக்திக்குத் தரப்படும் ஆஷ்டன் விருதை வாங்கியது.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்துங்கள்: முந்திரி ஓடு, பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பழைய கதவு, பற்றவைக்கப் பிளாஸ்டிக் பை. முந்திரி ஓட்டு எண்ணெயின் புகை கண்ணையும் தோலையும் எரிக்கும். மற்றவற்றின் புகை விஷம், அது நேராக உணவு மேல் இறங்குகிறது.

ஊரும் மாறுகிறது. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் தந்தூர் கடைகளும் ஆறு மாதத்தில் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஊருக்கு அப்படி ஒன்று வரும் நாளில் அவசரத்தில் மாறுவதை விட, இப்போதே நிதானமாக மாறுவது மலிவு.

பணம்

தெருவோர வியாபாரி என்று உள்ளாட்சியில் பதிந்திருந்தால் பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம். 2025-இல் மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. ஒரு பர்னர், ரெகுலேட்டர், சிலிண்டர் டெபாசிட்டுக்கு முதல் கடனே போதும். கடை வைத்திருப்பவர்களுக்கு முத்ரா கடன், அதில் 50,000 வரை சிசு பிரிவு.

முறுக்கு, ஊறுகாய், அப்பளம், கடலை மிட்டாய் மாதிரி தயாரித்து விற்கிறவர்கள் பிஎம்எஃப்எம்இ என்ற, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். 2020-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயந்திரச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். மகளிர் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் உண்டு. இந்த நிதியாண்டில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விலைப்பட்டியல் கேட்கும்போது கரண்டில் வறுக்கும் இயந்திரத்தோடு புகைபோக்கியையும் வயரிங்கையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். பிறகு தனியாக அதற்குப் பணம் கிடைக்காது.

மாஸ்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முதலாளி வாங்கி வந்து வைத்துவிட்டு, இனிமேல் இதில்தான் என்று சொன்ன கடைகளில் புது அடுப்பு மூலையில் கிடப்பதைப் பார்க்கலாம். இருபது வருடம் விறகில் நின்ற மாஸ்டருக்குக் கல்லின் சூடு தண்ணீர் தெளித்த சத்தத்திலேயே தெரியும். புது அடுப்பில் அந்தக் கணிப்பு முதல் சில நாள் பொய்த்துப்போகும். தோசை ஒட்டும், அவருக்குக் கோபம் வரும், நியாயம்தான். வாங்கும் முன்பே அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே மாறிய ஒரு கடையில் அரைநாள் நின்று போடச் சொல்லுங்கள். திங்கள் கிழமை மாதிரி கூட்டம் குறைந்த நாளில் தொடங்குங்கள், திருவிழா வாரத்தில் வேண்டாம்.

அடுப்பு மேடையின் உயரத்தையும் அவரே நின்று பார்த்துச் சொல்லட்டும். குனிந்தபடி நிற்க வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல அடுப்பும் இடுப்பை ஒடிக்கும். கேஸ் வந்துவிட்டது என்பதற்காக எக்ஸாஸ்ட் ஃபேனை விட்டுவிடாதீர்கள். எண்ணெய்ப் புகையும் எரிந்த காற்றும் இப்போதும் உண்டு. ஃபேனின் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது, சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் மாதம்

பழைய அடுப்பை உடனே இடிக்க வேண்டாம். அதே சமயம் அதன் பக்கத்தில் விறகையும் அடுக்கி வைக்காதீர்கள், கை தானாக அங்கே போகும். ஒரு மழைக்காலம் புது அடுப்பிலேயே ஓடிவிட்டால் இடித்துவிட்டு அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி போடலாம்.

சிலிண்டர் மாற்றிய தேதியையும் மீட்டர் ரீடிங்கையும் காலண்டரிலேயே எழுதுங்கள். கூடவே அன்றைக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை படி மாவு போனது என்பதையும். மாத முடிவில் ஒரு கிலோ மாவுக்கு எரிபொருள் செலவு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் நினைத்ததை விட அதிகமாக வரும், கைப்பழக்கம் இல்லாததால். மூன்றாவது வாரமும் குறையவில்லை என்றால் தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தாலோ பாத்திரத்தில் கரி படிந்தாலோ பர்னரில் காற்று வரும் துவாரம் அடைத்திருக்கிறது, கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டை ஊசியால் சுத்தம் செய்து காற்று வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். தீ சரி என்றால் டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை போடுங்கள். அதுவும் சரி என்றால் காலை பத்து மணிக்கு, கூட்டம் வடிந்த நேரத்தில், சொல்லாமல் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். விறகுக் காலத்துப் பழக்கத்தில் யாரும் இல்லாத கல்லுக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருக்கும். அதை அணைக்கப் பழக்கிவிட்டால் செலவு கணக்குக்குள் வந்துவிடும், அதன்பிறகு இரண்டாவது அடுப்பைப் பற்றி யோசிக்கலாம்.